இட்டேரியில் ஒரு இங்கிலீஷ் பாட்டு

உக்கடத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறினவன், கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் வேறு ஆளாகிவிட்டேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும். நடந்தது எனக்கு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சாட்சி.

நினைச்சுப் பாருங்க. ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று ஜன்னல் கண்ணாடியைத் தடதடவென்று ஆட்டுகிறது. மழை வருமா வராதா என்று வானம் மூட்டமாக நிற்கிறது. எனக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்தில் ஒரு ஆத்தா, மடியில் மஞ்சப்பை, பைக்குள் கீரைக்கட்டு. என் காதில் ஹெட்செட். ஜான் டென்வர் பாடுகிறார், 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்'. பன்னிரண்டு நாளாக இதே பாட்டுத்தான். முதல் நாள் கேட்டபோது மொத்தப் பாட்டும் ஒரே ஒரு நீளமான சொல் மாதிரி இருந்தது. ஊறப்போட்ட தேங்காய் மட்டையைப் பார்த்திருக்கிறீர்களா, எது நார் எது தூள் என்று தெரியாமல் மொத்தையாகக் கிடக்குமே, அப்படி. அன்றைக்கு என்ன ஆச்சோ தெரியாது, கிணத்துக்கடவு மலைக்கோயில் விளக்கு கண்ணில் பட்ட அதே நேரம், அந்த மொத்தை பிரிந்தது! ஒவ்வொரு சொல்லும் தனித்தனி நாராக, பொன்னிறமாக, சிக்கில்லாமல் பிரிந்து வந்து காதில் விழுந்தது! மலை என்றால் மலை, ஆறு என்றால் ஆறு, வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒரு ஆள், வழியில் ரேடியோ, போய்ச்சேரத் தாமதமாகிவிட்டதே என்று அவன் மனசில் ஒரு இழுப்பு, எல்லாமே, எல்லாமே எனக்குப் புரிந்தது, யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமல், நேராக, இங்கிலீஷிலேயே!

"புரிஞ்சிருச்சு!" என்று கத்திவிட்டேன். வாய்விட்டு. கண்டக்டர் திரும்பினார். பக்கத்து ஆத்தா என் முழங்கையைப் பிடித்து, "என்னாச்சு கண்ணு?" என்றார்.

"பாட்டுப் புரிஞ்சிருச்சுங்க ஆத்தா, இங்கிலீஷ் பாட்டு!"

"நல்லதாப் போச்சு சாமி" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தோரு வயசு ஆம்பளை, ஒரு பாட்டுப் புரிந்ததற்காக பஸ்ஸில் கண் கலங்கினேன், அதை எழுதவும் எனக்குக் கூச்சமில்லை.

ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று கேட்பீர்கள். நான் தமிழ் மீடியம். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு நார் மில்லில், பித் பிளாக் ஏற்றுமதி செய்கிற களத்தில், சூப்பர்வைசர். நாரை உரித்த பிறகு மிஞ்சுகிற தூளைக் கழுவிக் காயவைத்து, அமுக்கி, ஐந்து கிலோ கட்டிகளாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறோமே, அந்த வேலை. சின்ன வயசில் தென்னந்தோப்பில் எரித்துத் தள்ளிய அந்தக் குப்பை இன்றைக்கு ஐரோப்பாக்காரன் பசுமைக்குடிலில் தக்காளிக்கு மண்ணாக இருக்கிறது. அதனால் எனக்கு இங்கிலீஷ் வேண்டும். மெயில் வரும், போன் வரும். மெயிலை எப்படியாவது எழுத்துக்கூட்டிச் சமாளித்துவிடுவேன். போன் வந்தால் கக்கூஸுக்குப் போய்விடுவேன். கனமான கிராமர் புத்தகம் மூன்று தடவை வாங்கினேன். மூன்று தடவையும் 'டென்ஸ்' அத்தியாயத்தோடு நின்றேன். முப்பது நாளில் இங்கிலீஷ் பேசவைக்கிறோம் என்று போர்டு வைத்த ஒரு வகுப்புக்கும் பணம் கட்டினேன். முப்பத்தோராம் நாளும் வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் என் அக்கா மகள் வந்தாள். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறாள், நோம்பிக்கு ஊருக்கு வந்தவள். என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, இதெப் படிச்சு யாரு பேசறாங்க? பாட்டுக் கேளுங்க, தானா வரும்" என்று சொல்லி என் போனில் பத்துப் பாட்டு ஏற்றிக்கொடுத்தாள். "அம்மிணி, நமக்கு இளையராஜா போதாதா?" என்று கேட்டேன். "அது காதுக்கு மாமா, இது வாய்க்கு" என்றாள். அந்தப் பிள்ளைக்குக் கோயில் கட்டலாம்.

என் முறையைச் சொல்கிறேன், அவசரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது இன்னும் மலையளவு இருக்கிறது. குறைந்தது ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு, பிடிவாதமாக ஒன்றே ஒன்று. முதல் மூன்று நாள் வரிகளைப் பார்க்கவே கூடாது, வெறும் காதுதான். காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் பழைய கணக்கு நோட்டில் எழுதுவேன். நாலாம் நாள் வரிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பேன். அப்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே! 'கன்ட்ரி ரோட்ஸ்' என்பதை நான் 'கண்ட்ரி ரோஸ்ட்' என்று எழுதியிருந்தேன், ஏதோ நாட்டு ரோஸ்ட் தோசையைப் பற்றிய பாட்டு என்றே இரண்டு நாள் நினைத்திருந்தேன்! இப்படித் தப்பாகக் கேட்பதற்கு இங்கிலீஷ்காரர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மாண்டகிரீன். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் சின்ன வயசில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைத் தப்பாகக் காதில் வாங்கி, அதில் மாண்டகிரீன் என்று ஒரு சீமாட்டி இருப்பதாகவே நம்பியிருந்தாராம். 1954-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கே அப்படி என்றால் நமக்கு என்ன வெட்கம்?

ஐந்தாம் நாளிலிருந்து பாட வேண்டும். முணுமுணுப்பு உதவாது, வாயைத் திறந்து பாட வேண்டும். எங்கே பாடுவது? வீட்டில் பாடினால் மாடு மிரளும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்துச் சாளையிலிருந்து களம் வரைக்கும் இட்டேரியில் நடந்துகொண்டே பாடுவேன்.

இட்டேரி தெரியுமா உங்களுக்கு? கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தோட்டம், தோட்டத்துக்குக் கிளுவை வேலி, வேலிக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்தடம். ஓணான் ஓடும், கோவைப்பழம் தொங்கும், மழை பெய்தால் செம்மண் வாசம் மூக்கை அடைக்கும். அந்த இட்டேரியில் ஒருநாள் விடியலில் நடந்துகொண்டிருக்கிறேன். தெற்கே ஆனைமலை நீலமாக, பாதி மஞ்சுக்குள் மறைந்து நிற்கிறது. வாயில் ஜான் டென்வர். திடீரென்று காலை நிறுத்திவிட்டேன். 'கன்ட்ரி ரோடு', 'கன்ட்ரி ரோடு' என்று நோட்டில் 'கிராமத்துச் சாலை' என்று எழுதி வைத்திருக்கிறேனே, அட மடச்சாமி, நான் நிற்கிற இடம்தானே அது! கன்ட்ரி ரோடு என்றால் இட்டேரி! அந்தச் சொல்லுக்கு டிக்‌ஷனரியில் அர்த்தம் தேடினேன், அர்த்தம் என் காலடியில் கிடந்தது! அந்த நிமிஷத்திலிருந்து அது இங்கிலீஷ் பாட்டில்லை, எங்கள் பாட்டு. மலை எங்கள் மலை, ஆறு ஆழியாறு, வீடு எங்கள் சாளை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னப்பா தம்பி, பாட்டெல்லாம் பலமா இருக்குது?" என்றார். "நம்ம இட்டேரியப் பத்தித்தானுங்ண்ணா பாடறாங்க, அமெரிக்காவுல!" என்றேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அந்தப் பாட்டின் கதை இன்னும் அழகு. பில் டானாஃப், டாஃபி நிவர்ட் என்ற தம்பதி அதை எழுத ஆரம்பித்தபோது, பாட்டில் வருகிற மேற்கு வர்ஜீனியாவுக்கு முறையாகப் போய்ப் பார்த்ததுகூட இல்லையாம். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் ஒரு வளைந்த கிராமச் சாலையில் காரில் போகும்போது பிறந்த மெட்டு அது. 1970 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் ஒரு சின்ன மன்றத்தில் ஜான் டென்வரோடு சேர்ந்து மூவருமாகப் பாடினார்கள், கைத்தட்டல் நிற்கவே இல்லை. 1971-ல் இசைத்தட்டு வந்தது. 2014-ல் மேற்கு வர்ஜீனியா அதைத் தன் மாநிலப் பாட்டுகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. பார்க்காத ஊரைப் பற்றி எழுதி அந்த ஊர்க்காரனையே அழவைத்தார்கள் என்றால், பார்க்காத ஊரின் பாஷையைப் பொள்ளாச்சியில் உட்கார்ந்து நான் பாடக்கூடாதா?

அதே மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே பிறந்தவர் பில் விதர்ஸ். விமானத்துக்குக் கழிப்பறை செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதியவர், அதனாலேயே எனக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. 1972-ல் 'லீன் ஆன் மீ' பாடினார். எனக்கு 'லீன்' என்றால் ஒல்லி என்றுதான் தெரியும். என் மீது ஒல்லி, இதென்ன பாட்டு என்று மண்டையை உடைத்தேன். அதே சொல்லுக்குச் சாய்வது என்றும் அர்த்தமாம்! என் மேல சாஞ்சுக்கோ. கஷ்டகாலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்கிற வார்த்தை. காற்றில் சாய்ந்த தென்னைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, இனி எந்தச் சாய்ந்த மரத்தைப் பார்த்தாலும் எனக்கு 'லீன்' ஞாபகம் வரும். கிராமர் புத்தகம் நூறு வருஷம் படித்தாலும் இப்படி ஒரு சொல் ஒரு மரத்தோடு சேர்ந்து மனசில் நடுமா?

சொற்கள் மட்டுமா? சொற்கள் கைகோத்துக்கொண்டு வருகிற தொடர்கள் இருக்கின்றனவே, அதுதான் வெல்லம், அசல் கரும்பு வெல்லம். 1961-ல் ரே சார்லஸ் பாடிய 'ஹிட் தி ரோட் ஜாக்' கேளுங்கள். ரோட்டை அடி என்றால் என்ன, தார் போடுகிற வேலையா? இல்லையாம், கிளம்பு, இடத்தைக் காலி பண்ணு. அட, நம்மூரில் 'நடையைக் கட்டு' என்கிறோமே, அதேதான்! நடையை எப்படிக் கட்டுவது என்று நாம் யாராவது கேட்டோமா? ஒரு பாஷை ரோட்டை அடிக்கிறது, ஒரு பாஷை நடையைக் கட்டுகிறது, ரெண்டு பேரும் கிளம்பிப் போய்விடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் களத்தில் வேலை முடிந்ததும் எல்லாரையும் பார்த்து, "ஹிட் தி ரோட்!" என்றேன். மறுநாளிலிருந்து களத்தில் பித் கொட்டுகிற அக்காமார்கள் அஞ்சு மணிக்கு அவர்களே, "ஏனுங், ரோட்ட அடிக்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஸ்டீவி வொண்டர் என்ற பார்வையற்ற மேதை 1984-ல் ஒரு படத்துக்காக 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ' பாடினார், அந்தப் பாட்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. வருஷத்தின் ஒவ்வொரு விசேஷமாக எடுத்து, இன்றைக்கு அதெல்லாம் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. அதில் என்னைச் சாய்த்தது 'ஜஸ்ட்' என்கிற ஒரே சொல். அகராதியில் நியாயமான, சற்றுமுன், வெறும் என்று ஏழெட்டு அர்த்தம் போட்டிருந்தது, எதுவும் ஒட்டவில்லை. பத்தாவது தடவை கேட்கும்போது மின்னல் அடித்தது. சும்மா! 'ஜஸ்ட்' என்றால் சும்மா! சும்மாதான் கூப்பிட்டேன்! எந்த நாட்டுக்காரனுக்கும் மொழிபெயர்க்க வராது என்று நாம் மார்தட்டுகிற அந்தச் சும்மாவை, இந்த இடத்தில் அந்த மனுஷன் நாலெழுத்தில் வைத்திருக்கிறார். அன்று ராத்திரி அக்கா மகளுக்குப் போன் போட்டு, "ஐ ஜஸ்ட் கால்ட்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் திருப்பிக் கூப்பிட்டு, "மாமா, உடம்பு நல்லாத்தான இருக்குது?" என்றாள்.

பீட்டில்ஸ்! ஐயோ, பீட்டில்ஸை விட்டுவிட்டேன் பாருங்கள்! 1970-ல் வந்த 'லெட் இட் பி'. பால் மெக்கார்ட்னிக்குப் பதினாலு வயசில் அம்மா இறந்துபோனார், பெயர் மேரி. பல வருஷம் கழித்து ஒரு கஷ்டமான காலத்தில் அம்மா கனவில் வந்து ஆறுதல் சொன்னாராம், அதுதான் பாட்டு. மாதா பாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், பெத்த தாயின் பாட்டு என்று தெரிந்ததும் இன்னும் இறங்கியது. 'லெட் இட் பி' என்றால் என்ன? "இருக்கட்டும் உடு." என் அமுச்சி, அம்மாவைப் பெத்தவர், வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை. பால் திரிந்தால் இருக்கட்டும் உடு, காய் விலை விழுந்தால் இருக்கட்டும் உடு. 'லெட்' என்பது தமிழின் 'அட்டும்' என்று பிடிபட்டதும் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. லெட் மீ செக், பார்க்கட்டும் நான். லெட் ஹிம் கம், அவன் வரட்டும். லெட் அஸ் ஸீ, பார்க்கலாம். ஒரே சொல்லில் நூறு வாக்கியம்! மூன்று கிராமர் புத்தகம் தராததை என் அமுச்சியும் மெக்கார்ட்னியின் அம்மாவும் சேர்ந்து தந்தார்கள்.

இதெல்லாம் ஏதோ என் மனப்பிராந்தி என்று நினைக்க வேண்டாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பெரியவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஹங்கேரியத் தொடர்களைச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்குப் பேச்சாக, சிலருக்குத் தாளத்தோடு, சிலருக்குப் பாட்டாக. 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பாடிப் படித்தவர்கள்தான் அந்தத் தொடர்களைத் திருப்பிச் சொல்வதில் முந்தினார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. நம்மூரில் வள்ளி கும்மி எப்படிப் படிக்கிறார்கள்? ஆசிரியர் ஒரு அடி பாடுவார், வட்டத்தில் நிற்கிற நூறு பேரும் அடி வைத்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள், கையில் ஏட்டுமில்லை எழுத்துமில்லை. பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார்கள் ராத்திரி முழுக்க வள்ளி கதையை ஒரு சொல் பிசகாமல் பாடுவதை நான் கண்ணால் பார்த்தவன். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு அந்தக் கலைக்காகத்தான் 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பாட்டும் காலடியும் சேர்ந்தால் சொல் மறக்காது. நான் இட்டேரியில் ஜான் டென்வரைப் பாடிக்கொண்டு நடப்பதும் கும்மிதான், என்ன, ஒற்றை ஆள் கும்மி.

தமிழ் வாய்க்கும் இங்கிலீஷ் பாட்டுக்கும் ஒட்டாது என்று இன்னும் யாராவது சொன்னால், அவர்களைக் கையைப் பிடித்து 1966 அக்டோபருக்குக் கூட்டிப்போவேன். நியூயார்க், ஐக்கிய நாடுகள் சபை மண்டபம். பட்டுப்புடவை, தலையில் பூ, நம் எம்.எஸ். சுப்புலட்சுமி. உலக நாடுகளின் பிரதிநிதிகள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பாடிய பாட்டுகளில் ஒன்று இங்கிலீஷ்! எழுதியவர் ராஜாஜி, மேற்கத்திய முறையில் இசை அமைத்தவர் ஹேண்டல் மானுவல். 'மே தி லார்ட் ஃபர்கிவ் அவர் சின்ஸ்'. அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள், ஹெட்செட் போட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 'மே' என்ற அந்த முதல் சொல்லை அவர் எடுக்கிற விதத்திலேயே அது அனுமதி கேட்கிற 'மே' இல்லை, வேண்டுகிற 'மே' என்று தெரிந்துவிடும். வாழ்க, வளர்க, மன்னிப்பாராக என்று நாம் வியங்கோள் வினைமுற்று படித்தோமே பள்ளியில், அதுதான் இந்த 'மே'. எட்டாம் வகுப்பில் 'மே ஐ கம் இன் சார்' என்று வாசலில் நின்றதோடு முடிந்துபோன என் 'மே' எம்.எஸ். குரலில் கோபுரமாக எழுந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இன்னொரு சங்கதி கேட்டால் துள்ளுவீர்கள். 1956-ல் ஹிட்ச்காக் படமொன்றில் டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா' உலகையே சுற்றியது. அடுத்த வருஷமே, 1957-ல், நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆரவல்லி'யில் ஜி. ராமநாதன் இசையில் ஜிக்கி குரலில் அதே மெட்டு தமிழாக வந்துவிட்டது! ஜிக்கி பாட்டை எங்கள் அம்மா அடுப்படியில் பாடிக் கேட்டு வளர்ந்தவன் நான். டோரிஸ் டேயின் பாட்டை முதல்தடவை போட்டபோது அம்மா முற்றத்திலிருந்து ஓடிவந்து, "இது நம்ம பாட்டல்ல?" என்றார். மெட்டு ஏற்கெனவே தெரியும், கதையும் தெரியும், பெண் பிள்ளை தாயிடம் நான் பெரியவளானால் என்ன ஆவேன் என்று கேட்கிறாள். சொற்களை மட்டும் அந்தந்தக் குழியில் நட வேண்டியதுதான். நாற்பது நிமிஷத்தில் முழுப் பாட்டும் அம்மாவுக்கும் எனக்கும் மனப்பாடம். அம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு!

குறையே இல்லையா என்றால், ஒன்று சொல்வார்கள். பாட்டில் இலக்கணம் இடறும். ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-ல் 'ஐ கான்ட் கெட் நோ' என்று இரண்டு எதிர்மறையை அடுத்தடுத்து வைத்தார்கள். பில் விதர்ஸின் இன்னொரு பாட்டில் 'எய்ன்ட்' என்று வரும், அதை மெயிலில் எழுதினால் ஆகாது. சரி, 'வந்துட்டாங்', 'போயிட்டாங்' என்று நாம் பேசுகிறோம், மனு எழுதும்போது அப்படியா எழுதுகிறோம்? அவ்வளவுதான், முடிந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தேன், இனி முடியாது.

போன மாசி. பகல் பதினொன்றரை. களத்தில் வெயில் கொளுத்துகிறது, பித் காய்கிற வாசம், டிராக்டர் சத்தம். ஐரோப்பாவிலிருந்து போன். முதலாளி வெளியூரில், இங்கிலீஷ் பேசுகிற தம்பி லீவில். களத்தில் நான் மட்டும். பழைய ஆளாக இருந்தால் கக்கூஸ். போனை எடுத்தேன். எடுத்தேன்! அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் குரல், போன லோடில் உப்புச்சத்து கூடுதல், ஈ.சி. அதிகமாகக் காட்டுகிறது, இந்த லோடு எப்படி என்கிறார். அவர் பேசுகிற வேகத்தில் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்பது 'வாட்டயு கோனா டூ' என்று வருகிறது, புத்தகத்துக்காரன் செத்தான், ஆனால் எனக்குக் கோனாவும் வானாவும் பாட்டில் ஆயிரம் தடவை கேட்டுப் பழகின சொந்தக்காரர்கள்! "லெட் மீ செக்" என்றேன். வந்தது! தானாக வந்தது! ஓடிப்போய் மீட்டரில் சாம்பிள் பார்த்து நம்பரைச் சொன்னேன். ரெண்டு தடவை கூடுதலாகக் கழுவியிருக்கிறோம் என்றேன். "ஐ ஸ்டாண்ட் பை இட்" என்றேன். பென் ஈ. கிங் 1961-ல் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ' தந்த தொடர் அது, பக்கத்தில் நில், துணை நில், சொன்ன சொல்லில் நில். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், சரி, வந்ததும் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் "வீ வில் ப்ளே இட் பை இயர்" என்றார். காதால் வாசிப்போம்! ஏட்டைப் பார்க்காமல் காதால் கேட்டு வாசிக்கிற இசைக்காரர்களிடமிருந்து வந்த தொடர். என்னிடம், காதாலேயே இங்கிலீஷ் படித்த என்னிடம், அந்த மனுஷன் அதைச் சொல்கிறார்! எனக்குப் போனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஐந்து நாள் கழித்துத் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பியதும் நானே, நானாகவே, போன் போட்டேன். "சார், ஐ ஜஸ்ட் கால்ட் டு சே..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன் பாருங்கள், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மிச்சத்தைப் பாடினார்! ராகத்தோடு! ஸ்டீவி வொண்டர் மெட்டில்! நானும் சேர்ந்துகொண்டேன். நார் மில் களத்தில் நின்று, வேர்வை வழிய வழிய, முகம் பார்க்காத ஒரு ஆளோடு சேர்ந்து பாடினேன். அக்காமார்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்தார். பாடி முடித்தபிறகுதான் கன்டெய்னர் கிளம்பிய செய்தியைச் சொன்னேன். அந்த லோடு தேறியது. அடுத்த மூன்று லோடும் எங்களுக்கே வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்தைப்பக்கம் போய் அக்கா மகளுக்கு ஒரு நல்ல ஹெட்செட் வாங்கினேன். வழியில் மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் "அடிமாட்டு வெலைக்கிக் கேக்கறீங்" என்று கோபித்துக்கொண்டார். இங்கிலீஷில் அதற்கு 'ஃபார் எ சாங்' என்பார்கள், ஒரு பாட்டு விலைக்கு. அவ்வளவு மலிவாம் பாட்டு! இருக்கட்டும், நமக்கு நல்லதுதானே.

இந்த வாரம் சைமனும் கார்ஃபங்கலும் 1970-ல் பாடிய 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்' எடுத்திருக்கிறேன். நாலாம் நாள். 'டிரபுள்ட் வாட்டர்' என்றால் கலங்கிய தண்ணீர், ஆழியாற்றில் புதுத்தண்ணி வரும்போது பார்க்கிறோமே, அது. நீங்கள் அவ்வளவு பெரிய பாட்டில் ஆரம்பிக்க வேண்டாம். ஜான் டென்வரில் ஆரம்பியுங்கள், மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா, ஒரு ஹெட்செட். இன்று ராத்திரியே போட்டுக் கேளுங்கள். நாளைக்கு விடியற்காலை உங்கள் ஊர் இட்டேரியிலோ தெருவிலோ வாய்விட்டுப் பாடுங்கள்.